ஓட்டியவர் ஒருத்தர், இழைத்தவர் ஒருத்தர்!

ஆறு மாதம் ராத்திரி பகலாக உட்கார்ந்து நான் எழுதிய புரோகிராமை, எங்கள் மேனேஜர் கோட் மாட்டிக்கொண்டு இருபது நிமிஷம் பேசிக் காட்டி, கைதட்டல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் கடைசி வரிசையில் நின்று எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினேன். வேறென்ன செய்ய?

அப்போது டெட்ராய்ட்டில் வேலை. சனிக்கிழமை கடுப்போடு காரை எடுத்தேன். எழுபது கிலோமீட்டர் போனதும் ரோடு நதிக்கரையில் வந்து முட்டியது. நதி, செயின்ட் கிளேர். ஊர், அல்கோனாக். மிச்சிகன் மாநிலத்தில் நாலாயிரம் சொச்சம் ஜனங்கள். எதிர்க்கரையில் கனடா. நிம்மதியாகத் தண்ணீரைப் பார்க்கலாம் என்று போனவனை, ஊர் மியூசியம் இழுத்துப் போட்டது. உள்ளே என் கதை. என்ன, நூறு வருஷம் பழசு!

கதாநாயகன் பெயர் கிறிஸ்டோபர் கொலம்பஸ் ஸ்மித். அமெரிக்காவைத்தான் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டார்களே, அதனால் இவர் படகு கட்டினார். 1861-ல் பிறந்தவர், முதல் படகைக் கட்டியபோது வயது 13. பெரிய படிப்பெல்லாம் கிடையாது. வாத்து சுட வரும் டெட்ராய்ட் பணக்காரர்களுக்குச் சகோதரர் ஹென்றியோடு சேர்ந்து படகு செய்து கொடுத்தார். மோட்டார் வந்தது. வேகப் பைத்தியம் பிடித்தது. ஜே.ஜே.ரயன் என்கிற சூதாட்டப் பிரியர் கூட்டாளியாக வந்தார், பணத்தைத் தொலைத்தார், காணாமல் போனார். (கூட்டு வியாபாரம் பற்றி நம்ம தாத்தாக்கள் சொன்னது அமெரிக்காவிலும் செல்லுபடியாகும் போல.)

ஸ்மித்தின் ரகசியம் படகின் அடிவயிற்றில் இருந்தது. குளத்தில் ஓட்டாஞ்சில்லைச் சாய்த்து எறிந்தால் தத்தித் தத்திப் போகுமே, அந்த வித்தைதான். அடிப்பலகையில் குறுக்கே ஒரு படி வைத்துவிட்டால், வேகம் ஏற ஏறப் படகு தண்ணீரைக் கிழிப்பதை விட்டுவிட்டு மேலே எழும்பி வழுக்கிக்கொண்டு ஓடும். அவர் கட்டிய 'மிஸ் டெட்ராய்ட்' 1915-ல் நியூயார்க் பக்கம் போய் அமெரிக்காவின் பெரிய பந்தயமான கோல்ட் கப்பை அள்ளிக்கொண்டு வந்தது.

இப்போது கோட் போட்டவர் வருகிறார். கார் வுட். மணல் லாரி பின்பக்கத்தைத் தூக்கிக் கொட்டுகிறதே, அந்த ஹைட்ராலிக் சமாசாரத்தை உருவாக்கிப் பெரும் பணம் பண்ணியவர். 'மிஸ் டெட்ராய்ட்'டை வாங்கினார். அதைக் கட்டியது யார் என்று அல்கோனாக் வந்து பார்த்து, கம்பெனியையும் வாங்கிவிட்டார்! ஸ்மித் இழைத்தார், வுட் ஓட்டினார். 1917 முதல் 1921 வரை வரிசையாக ஐந்து கோல்ட் கப். 1920-ல் இங்கிலாந்துக்கே போய் ஹார்ம்ஸ்வொர்த் கோப்பை. 1921-ல் மயாமியிலிருந்து நியூயார்க்குக்கு ரயிலோடு பந்தயம் வைத்து 47 மணி 23 நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தார். ரயில் 21 நிமிஷம் லேட்!

நியாயமாகச் சொல்ல வேண்டும், வுட் சும்மா ஆள் இல்லை. எங்கள் மேனேஜர் மாதிரி ஸ்லைடைத் தள்ளிக்கொண்டு நிற்கவில்லை. உயிரைப் பணயம் வைத்து ஸ்டியரிங் பிடித்தவர். படகில் எப்போதும் இரண்டு கரடி பொம்மைகள், அதிர்ஷ்டத்துக்கு. பொம்மைகளுக்கும் லைஃப் ஜாக்கெட் உண்டு!

ஆனாலும் ஆள் கொஞ்சம்... 1931 டெட்ராய்ட் பந்தயத்தைக் கேளுங்கள். கரையில் லட்சக்கணக்கில் கூட்டம். இங்கிலாந்தின் கேய் டான் முதல் சுற்றில் வுட்டைத் தோற்கடித்துவிட்டார். இரண்டாவது சுற்றில் துப்பாக்கி வெடிப்பதற்கு முன்னாலேயே வுட் கோட்டைத் தாண்டிவிட்டார். கேய் டானும் பின்னாலேயே பாய்ந்தார். ஐந்து விநாடிக்கு மேல் முந்தினால் அவுட் என்பது விதி. இரண்டு பேரும் அவுட்! போதாக்குறைக்கு டானின் படகு திருப்பத்தில் கவிழ்ந்தது. நிதானமாகப் பின்னால் வந்தவர் வுட்டின் தம்பி ஜார்ஜ். கோப்பை வீட்டை விட்டு வெளியே போகவில்லை. வேண்டுமென்றே செய்த தந்திரம் என்றார்கள். வுட் இல்லை என்றார். நான் நம்பவில்லை.

சரி, ஸ்மித்? அவர் 1922-லேயே விலகிவிட்டார். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. நம்ம ஊரில் பென்ஷன் வாங்கிக்கொண்டு திண்ணையில் பேப்பர் படிக்கிற வயது. மனுஷன் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு புதுக் கம்பெனி தொடங்கினார். பட்டறையில் கூட இருந்த நெப்போலியன் லிசீ, வுட்டுக்குப் பந்தயப் படகு கட்டப் போனார். (ஒரே பட்டறையில் கொலம்பஸும் நெப்போலியனும்!) நெப்போலியன் உபயத்தில் 1932-ல் நாலு எஞ்சின் வைத்த 'மிஸ் அமெரிக்கா பத்து', அல்கோனாக் வாசலில் ஓடும் இதே நதியில் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டியது. உலக சாதனை.

ஸ்மித் சாதனைக்குப் போகவில்லை. மகோகனி மரத்தில் பளபளவென்று ஒரே அச்சில் படகுகள், தவணை முறையில். பந்தயக்காரருக்கு இல்லை, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஏரிக்குப் போகிறவருக்கு. பெயர், கிறிஸ்-கிராஃப்ட். 1939-ல் ஸ்மித் காலமானார். இரண்டாம் உலகப் போரில் அந்தக் கம்பெனி ராணுவத்தைக் கரையிறக்கும் படகுகளை ஆயிரக்கணக்கில் கட்டிக்கொடுத்தது. அல்கோனாக் தொழிற்சாலை மூடியாகிவிட்டது. கம்பெனி இன்று ஃப்ளோரிடாவில். கோப்பை வாங்கியவர் பெயர் பந்தய ரசிகர்களுக்குத் தெரியும். இழைத்தவர் பெயரில் இன்னும் படகு விற்கிறார்கள்.

மியூசியத்தில் ஒரு பழைய படகின் பக்கவாட்டுப் பலகையை யாரும் பார்க்காதபோது தடவிப் பார்த்தேன். இணைப்பு எங்கே என்று விரலுக்குத் தட்டுப்படவே இல்லை.

திங்கட்கிழமை மேனேஜர் அடுத்த டெமோவுக்குத் தேதி குறித்துவிட்டு, "ரெடி பண்ணிடுப்பா" என்றார்.

"பண்ணிடறேன் சார். ஆனா இந்தத் தடவை நானே பேசறேனே?"

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "கோட் இருக்கா?" என்றார்.