சுண்டிப் பார்த்தால் தெரியும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத் தெருக்களில் வெயில் ஏறுமுன் பட்டுப் பாவு நீட்டி, அறுந்த இழைகளைப் பிணைப்பார்கள். ஓர் இழையைச் சுண்டினால் அதிர்வு அதன் வழியே ஓடும். விறைப்பான இழையில் வேகமாக, தொய்ந்ததில் மெதுவாக. இழையின் நிலையை அலையின் வேகமே சொல்லிவிடும்.

உடம்புக்குள் ஓடும் ஒலியும் அப்படித்தான். அழுத்தினால் திசு எவ்வளவு எதிர்க்கிறது, எவ்வளவு அடர்த்தியானது என்பதைப் பொறுத்து வேகம் மாறும். கொழுப்பில் நொடிக்குச் சுமார் 1450 மீட்டர், தசையில் 1580. எலும்பில் 3000-ஐத் தாண்டும். காற்றில் 340தான்.

மீயொலி (அல்ட்ராசவுண்ட்) ஸ்கேன் இயந்திரம் இந்த வித்தியாசத்தைப் பொருட்படுத்துவதில்லை. வயிற்றில் ஜில்லென்று ஜெல் தடவுவார்கள். நடுவே காற்று இருந்தால் ஒலி உள்ளே நுழையாமல் திரும்பிவிடும். பிறகு கருவி ஒலித்துடிப்பை அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தை எண்ணும். எங்கும் வேகம் 1540 என்று வைத்துக்கொண்டு, 13 மைக்ரோ நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் ஆழம் என்று கணக்குப் போடும். வழி முழுக்கக் கொழுப்பானால் 10 சென்டிமீட்டர் 10.6 ஆகத் தெரியும்; படமும் மங்கும்.

இந்தப் பிழைக்குள்தான் சேதி இருக்கிறது. கல்லீரலில் கொழுப்பு சேரச் சேர ஒலியின் வேகம் குறையும். அந்த வேகத்தை அளப்பது எப்படி? வாங்கிய எதிரொலிகளை வைத்துக்கொண்டு, 1480, 1500, 1520 என்று வேகத்தை மாற்றி மாற்றிக் கணினி படம் வரைந்து பார்க்கும். எதில் படம் கூர்மையாகிறதோ, அதுவே உண்மைக்கு நெருக்கம். வயிற்றுத் தோலுக்கடியில் உள்ள கொழுப்பின் பங்கை மட்டும் கழித்துவிட வேண்டும். மார்பகத்துக்கு வழி வேறு: நீர்த்தொட்டியில், ஒருபுறம் நுழைந்த ஒலி மறுபுறம் வந்துசேரும் நேரத்தைச் சுற்றிலுமிருந்து அளந்து வேக வரைபடமே தயாரிக்கிறார்கள்.

ஒலியின் வேகத்தைத் துல்லியமாக அளக்கும் கலையில் நமக்கும் பங்குண்டு. மீயொலி ஓடும் திரவத்தில் பாயும் ஒளி பல கோடுகளாகப் பிரிவது ஏன் என்று 1935-36இல் பெங்களூரிலிருந்து சி.வி. ராமனும் நாகேந்திரநாத்தும் விளக்கினார்கள். கோடுகளின் இடைவெளியிலிருந்து ஒலியின் அலைநீளம் கிடைக்கும். அதை அதிர்வெண்ணால் பெருக்கினால் வேகம்.

ஈரலில் கொழுப்பை உறுதிசெய்ய ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பதுண்டு. வேகத்தை அளக்கும் வசதி சில புதுக் கருவிகளில் வந்துவிட்டது. அது பரவலானால், இழையை அறுக்காமல் சுண்டிப் பார்ப்பதுபோல ஈரலையும் பார்த்துக்கொள்ளலாம்.