மெய்ப்பாடும் பிறர்மனம் உணர்தலும்: சூழலியல் உளவியல் நோக்கு

முன்னுரை

பிறர் மனத்தை நாம் எவ்வாறு அறிகிறோம் என்னும் வினாவிற்கு உளவியலார் பலர் கூறும் விடை, ஊகத்தால் அறிகிறோம் என்பதாகும். மனம் மறைந்திருப்பது, கண்ணுக்குத் தெரிவது உடலசைவே, அதனைக் கொண்டு மனத்தைக் கருதி அறிகிறோம் என்பர். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன் (1904–1979) வகுத்த சூழலியல் உளவியலோ, புலனுணர்வு ஊகத்தின் துணையின்றி நேரடியாகவே நிகழ்கிறது என்கிறது. இந்நோக்கில் அணுகினால், தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உணர்ச்சிகளின் வகைப்பாடு மட்டுமன்று, பிறர்மனம் புலனாகும் முறையை விளக்கும் கோட்பாடும் ஆகும் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

சூழலும் நிலைக்களனும்

ஓர் உயிர் தன் சூழலில் காண்பது வெறும் நிறமும் வடிவமும் அல்ல. அமரத்தக்கது, பற்றத்தக்கது, விலகத்தக்கது என்னும் செயல்வாய்ப்புகளையே அது காண்கிறது என்பது 1979இல் வெளிவந்த கிப்சனின் நூல் கூறும் கருத்து. மனிதர்க்கு மிகச் செறிந்த செயல்வாய்ப்புகளை அளிப்போர் பிற மனிதரே என்றும் அந்நூல் கூறுகிறது.

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒவ்வொன்றிற்கும் நந்நான்காக 32 நிலைக்களன்களை வகுக்கிறார். அச்சத்திற்கு உரியன அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன. எல்லா நிலைக்களன்களும் புறத்தன அல்ல. எனினும் இந்நான்கும் அஞ்சுபவரைச் சூழ்ந்த உலகில் உள்ளவை. ஆகவே அஞ்சுபவரைக் காண்போர் நடுக்கத்தை மட்டும் காண்பதில்லை. எதன்முன் நடுங்குகிறார் என்பதையும் உடன் காண்கின்றனர். உள்ளத்து நிகழ்ச்சி பிறர்க்குப் புலனாகும்படி வெளிப்படுதலே மெய்ப்பாடு எனப் பேராசிரியர் உரை கொள்வதும் இதற்கு அரணாகிறது.

மறைப்பும் புலனாதல்

மனத்தை மறைக்க இயலுமே என்பது இக்கொள்கைக்கு எழும் முதன்மையான தடை. 1983இல் ரூனசன், ஃபிரிக்ஹோல்ம் ஆகிய சுவீடன் ஆய்வாளர்கள் இதனைச் சோதித்தனர். மூட்டுகளில் இட்ட ஒளிப்புள்ளிகள் மட்டுமே தெரியுமாறு, பெட்டி தூக்குவோரின் அசைவுகளைப் பதிவுசெய்து பிறர்க்குக் காட்டினர். காண்போர் பெட்டியின் எடையை உணர்ந்தனர். தூக்குவோர் எடையைப் பொய்யாகக் காட்ட முயன்றபோதும், உண்மை எடையையும் அவர் காட்ட நினைத்த எடையையும் பிரித்துணர்ந்தனர். மறைக்கும் எண்ணமே அசைவில் வெளிப்பட்டது.

திருக்குறளின் 110ஆம் அதிகாரமான குறிப்பறிதல், அயலார்போல் கடிந்து பேசினும் உள்ளத்தில் பகையில்லாதார் சொல் விரைவில் உணரப்படும் என்கிறது. சொல்லின் கடுமையும் அதன் உள்ளிருக்கும் அன்பும் ஒருங்கே புலனாகும் நிலை இது.

வேலூர், ஆம்பூர் வட்டாரத் தோல் பதனிடும் ஆலைகளின் உழைப்பில் இதனைப் பொருத்திப் பார்க்கலாம். ஈரத்தோலை இருவர் ஆளுக்கொரு புறம் பற்றித் தூக்கும்போது, ஒருவர் பிடி தளர்வதை மற்றவர் தோலின் இழுவையிலேயே உணர்வார். சோர்வைச் சொன்னால் கூலி குறையுமோ என்று ஒருவர் மறைக்கலாம்; அவர் காலூன்றும் விதமும் கை உயரும் வேகமும் சோர்வையும் மறைப்பையும் சேர்த்தே காட்டும். இயந்திரத்தின் அருகில் இவ்வுணர்வு தவறினால் விரல்கள் ஊறுபடும். பேச்சை ஓசை விழுங்கும் இடத்தில் உடன் உழைப்பவரின் கண்ணே காவல்.

முடிவுரை

மனம் முழுவதும் இவ்வாறு புலனாகும் என்பதில்லை. பழைய நினைவையோ கணக்கையோ அசைவில் காண இயலாது. காண்பவர்க்கும் பயிற்சி வேண்டும். கண்ணாலும் செவியாலும் திட்பமாக உணர்வார்க்கன்றி மெய்ப்பாட்டின் நுண்பொருள் கைகூடாது என்று தொல்காப்பியர் அவ்வியலை நிறைவு செய்கிறார். நுண்பொருளை எட்டும் வாயிலாக அவர் கண்ணையும் செவியையும் குறிப்பிடுவது கருதத்தக்கது. மெய்ப்பாட்டை உணர்ச்சி என்று மட்டும் பொருள்கொள்ளும்போது, அதனைக் காண்பவர் கோட்பாட்டிலிருந்து விடுபட்டுப் போகிறார். அவரையும் உட்படுத்தி மெய்ப்பாட்டியலைப் பயில்வது சங்கப் பாடல்களில் தோழி, செவிலி ஆகியோரின் உணர்திறனை ஆராயவும் வழிவகுக்கும்.