உங்களுக்குத் தெரியுமா? சொசைட்டிக் கடனின் பூர்வீகம்

உடுமலை வட்டாரத்தில் ‘சொசைட்டி’ தெரியாத குடும்பம் இருக்காது. உரம் வாங்கவும், நகையை வைக்கவும், சிட்டா அடங்கலோடு போய்ப் பயிர்க்கடனுக்கு எழுதிக் கொடுக்கவும் அங்கேதான் போகிறோம். அந்தக் கட்டடத்துக்குப் பின்னால் 120 ஆண்டுக் கதை இருக்கிறது.

● இந்தியாவில் கூட்டுறவுக் கடனுக்கு அடிபோட்டவருக்கும் நம் தாலுகாவுக்கும் பழைய பழக்கம் உண்டு. அவர் பெயர் ஃபிரெடரிக் நிக்கல்சன். சென்னை மாகாண ஐ.சி.எஸ். அதிகாரி. 1887-ல் வெளிவந்த கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு அவர் தொகுத்ததுதான். உடுமலைப்பேட்டை அப்போது கோவை மாவட்டத்துத் தாலுகா. பிற்பாடு, விவசாயிக்கு நியாயமான வட்டியில் கடன் கிடைக்க என்ன வழி என்று பார்க்கும் பொறுப்பை அரசாங்கம் அவரிடமே விட்டது. 1895-லும் 1897-லும் இரண்டு பாகமாக அறிக்கை கொடுத்தார். பக்கம் பக்கமாக ஐரோப்பியக் கடன் சங்கங்களை அலசிவிட்டு, கடைசியில் ரைஃபைசன் என்ற ஜெர்மன்காரரைப் போல ஒருவரை இங்கே தேடிப் பிடியுங்கள் என்று முடித்துவிட்டார். சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு வித்திட்டவரும் இதே நிக்கல்சன்தான்.

● யார் அந்த ரைஃபைசன்? சின்ன ஊர் ஒன்றின் மேயர். 1846–47 பஞ்சத்தில் வசதியானவர்களிடம் பணம் திரட்டி ஏழைகளுக்கு ரொட்டி கிடைக்கச் செய்தவர். தருமத்தை நம்பி நடத்துவது நெடுநாள் ஓடாது என்று அனுபவத்தில் கண்டுகொண்டு, கடன் வாங்குபவர்களே உறுப்பினராகும் சங்கத்தை 1864-ல் ஹெடஸ்டார்ஃபில் தொடங்கினார். சங்கத்தின் எல்லை சிறியது. நிர்வாகிகளுக்குச் சம்பளம் கிடையாது. ஒருவர் கட்டாமல் போனால் உறுப்பினர் அத்தனை பேருடைய சொத்தும் பொறுப்பு. கடைசி விதிதான் சூட்சுமம். மாடு வாங்கக் கடன் கேட்டவர் அதை விருந்தில் தீர்த்தால், விசாரிக்க அதிகாரி வரவேண்டியதில்லை. அடுத்த வீட்டுக்காரர் அன்று மாலையே கேட்டுவிடுவார்.

● கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது 1904 மார்ச்சில். அதே ஆண்டு ஆகஸ்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் விவசாயக் கடன் சங்கம் பதிவானது. தமிழகத்தின் முதல் சங்கம் அதுதான். அக்டோபரில் நெசவாளர் ஊரான பெரிய காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவு வங்கி பிறந்தது. நாட்டின் முதல் நகரக் கூட்டுறவு வங்கி என்ற பெயர் அதற்கு. மறு ஆண்டே சங்கங்களுக்குப் பணம் கொடுக்கச் சென்னையில் ஒரு மத்திய வங்கி. இன்றைய தமிழ்நாடு மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கி அதுவே. நிக்கல்சன் தேடச் சொன்ன தனி மனிதர் கிடைத்தாரோ இல்லையோ, சட்டமும் பதிவாளர் அலுவலகமும் கிடைத்துவிட்டன.

● அந்தப் பதிவாளர் நாற்காலியில் அமர்ந்தவர்களில் ஒருவர் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை. கல்வெட்டுகளுக்குத் தேதி கணிக்க இன்றும் ஆய்வாளர்கள் புரட்டும் ‘இந்தியன் எஃபிமெரிஸ்’ தொகுதிகள் அவருடையவை. பகலில் தவணைக் கணக்கு, மற்ற நேரத்தில் திதி நட்சத்திரக் கணக்கு!

● அமெரிக்கக் கிரெடிட் யூனியன் இயக்கத்தில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. பாஸ்டன் நகரத்து ஆயத்த ஆடை வியாபாரி எட்வர்ட் ஃபைலீன் 1907-ல் உலகம் சுற்ற வந்தார். வங்காளக் கிராமங்களில் கடன் சங்கங்கள் நடக்கும் விதம் அவரை அசத்திவிட்டது. ஊர் திரும்பியவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1909-ல் கிரெடிட் யூனியன் சட்டம் வரத் துணைநின்றார். பிறகு நாடு முழுவதும் அதைப் பரப்பத் தன் கைப்பணத்தைக் கொட்டினார். திருப்பூர்க்காரர்கள் இவரைச் சொந்தம் கொண்டாடலாம். துணி விற்றவர்தானே!

● கொங்கு நாட்டுக்குப் பயிர்க்கடன் மட்டும் போதாது. இங்கே விவசாயம் என்றால் கிணறு. கிணறு என்றால் பாறை. வெட்டவும் ஆழப்படுத்தவும் போட்ட பணம் ஒரே போகத்தில் திரும்பிவராது. இதற்கான நீண்டகாலக் கடனுக்கென்றே 1929-ல் சென்னையில் கூட்டுறவு மத்திய நில அடமான வங்கி ஏற்பட்டது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து, கவலை ஏற்றத்தின் இடத்தை மோட்டார் பிடிக்கத் தொடங்கியபோது இந்த வகைக் கடனின் தேவை இன்னும் கூடியது.

● இவ்வளவுக்குப் பிறகும் 1951–52-ல் நாடு முழுவதும் கிராமக் கடனைக் கணக்கெடுத்தபோது, விவசாயி வாங்கிய நூறு ரூபாயில் கூட்டுறவு கொடுத்தது சுமார் மூன்று ரூபாய்தான். ஏறக்குறைய எழுபது ரூபாய் வட்டிக்காரர்களிடமிருந்து வந்தது. அரை நூற்றாண்டு ஓடியும் மூன்று ரூபாய்! இதற்குப் பின்தான் அரசே பங்குதாரராகப் பெரிய அளவில் உள்ளே வந்தது. சங்கங்கள் வேகமாக வளர்ந்தது அதனால்தான். ‘இது நம் பணம்’ என்ற எண்ணம் உறுப்பினரிடம் மெலிந்ததும் அதனால்தான் என்பது என் கட்சி.

● ‘நூத்துக்கு மூணு வட்டி’ என்று சந்தையில் சாதாரணமாகச் சொல்கிறோம். அது மாத வட்டி. பத்தாயிரத்துக்கு வருடம் 3,600 ரூபாய். பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம், அதாவது 700 ரூபாய். கெடு தவறாமல் கட்டினால் தமிழகத்தில் அதுவும் கிடையாது; அரசு ஏற்றுக்கொள்கிறது. கெடுவைத் தாண்டினால் சலுகை போச்சு. ஏக்கருக்கு எவ்வளவு என்பதும் செகரட்டரியின் இஷ்டம் அல்ல; கரும்புக்கு இவ்வளவு, மக்காச்சோளத்துக்கு இவ்வளவு என்று மாவட்டத் தொழில்நுட்பக் குழு ஒவ்வோர் ஆண்டும் நிர்ணயிக்கிறது.

● கடன் கொடுப்பதோடு நிற்காமல் ஆலையே கட்டியதும் இந்தப் பக்கத்துக் கூட்டுறவுதான். உடுமலையை அடுத்த மடத்துக்குளம் கிருஷ்ணாபுரத்தில் உள்ள அமராவதி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை, தமிழகத்தின் முதல் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. 1950-களில் அமராவதி அணை எழும்பியது. தண்ணீரைத் தொடர்ந்து கரும்பு, கரும்பைத் தொடர்ந்து ஆலை. தேய்ந்த இயந்திரங்களை மாற்றிக் கொடுங்கள் என்பது கரும்பு விவசாயிகளின் நெடுநாள் கோரிக்கை.

● தள்ளுபடி விவரம்: கூட்டுறவுப் பயிர்க்கடன்கள் 2006-ல் ஒருமுறை ரத்தாயின. 2016-ல் சிறு, குறு விவசாயிகளுக்கு 5,780 கோடி ரூபாய். 2021 பிப்ரவரியில் 16.43 லட்சம் பேருக்கு 12,110 கோடி ரூபாய். மழை பொய்த்த வருடத்தில் இது உயிர் கொடுத்த உதவி, மறுக்க முடியாது. ஆனால் கெடுவுக்கு முன்பே கட்டி முடித்தவரின் முகத்தை அந்த வாரம் சொசைட்டி வாசலில் பார்த்திருக்கிறீர்களா? பக்கத்துக் காட்டுக்காரர் கட்டினாரா என்று கவனிக்கும் ரைஃபைசன் காலத்துப் பழக்கத்துக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது.

● அந்தப் பழக்கத்தின் மிச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் ஊழியர் சிக்கன நாணயச் சங்கங்களுக்குப் போகவேண்டும். ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், சில ஆலைத் தொழிலாளர்கள் நடத்துபவை இவை. மாதாமாதம் சம்பளத்தில் சேமிப்பும் தவணையும் பிடித்தம் ஆகும். கடனுக்கு உடன் வேலை பார்ப்பவர் ஜாமீன். வெளிநாட்டவர் கிரெடிட் யூனியன் என்று சொல்வதற்கு இங்கே மிக நெருங்கி நிற்பது இதுதான். பனியன் கம்பெனிகளில் இது ஏன் வேர்விடவில்லை? சனிக்கிழமைச் சம்பளம், பீஸ் ரேட், இந்தக் கம்பெனியில் இரண்டு மாதம் அந்தக் கம்பெனியில் மூன்று மாதம் என்று ஓடும் வேலை. பிடித்தம் செய்ய நிலையான சம்பளப் பட்டியல் வேண்டுமே! அங்கே கைகொடுப்பது அட்வான்ஸும் ஏலச்சீட்டும்தான்.

● தமிழகத்து ரேஷன் கடைகளில் பெரும்பாலானவற்றை நடத்துவது கூட்டுறவுச் சங்கங்கள். அரிசி போடுபவரும் பயிர்க்கடன் எழுதுபவரும் பல ஊர்களில் ஒரே சங்கத்துப் பணியாளர்கள்.

● டெபாசிட் போடுபவர்கள் கவனிக்க: மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியிலும் நகரக் கூட்டுறவு வங்கியிலும் போட்ட பணத்துக்கு, மற்ற வங்கிகளைப் போலவே 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரிக்கு முன் அந்த உச்சவரம்பு ஒரு லட்சமாக இருந்தது. கிராமத்துத் தொடக்க வேளாண்மைக் கடன் சங்கத்தில் போட்ட பணத்துக்கு இந்தக் காப்பீடு கிடையாது. பெயர்ப்பலகையில் ‘வங்கி’ என்று எழுதியிருந்தாலும் கேட்டுத் தெரிந்துகொண்டு போடுங்கள்.

● பங்கு எத்தனை வைத்திருந்தாலும் உறுப்பினருக்கு ஓட்டு ஒன்றுதான். ஐம்பது ஏக்கர் தென்னந்தோப்புக்காரரும், அரை ஏக்கரில் தக்காளி போடுபவரும் இதில் சமம். அந்த ஓட்டைப் போடும் சங்கத் தேர்தல்கள் மாநிலம் முழுக்க 2013-லும் 2018-லும் நடந்தன. உங்கள் பெயர் உறுப்பினர் பதிவேட்டில் இருக்கிறதா என்பதை அடுத்த முறை உரம் வாங்கப் போகும்போது பார்த்துவிட்டு வரலாம்.