கறுப்பு பீரா, வெளிர் பீரா? ரசனை எப்படி உருவாகிறது?

இரண்டுக்கும் மூலப்பொருள் பார்லிதான். ஒன்று வைக்கோல் நிறம். மற்றது டிகாக்‌ஷன் நிறம். ஏன்?

நிறம் எப்படி வருகிறது?
பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்தால் மால்ட். சுமார் 80 டிகிரி செல்சியஸில் காய்ந்தால் அது வெளிர் மால்ட். 200 டிகிரியைத் தாண்டி வறுபட்டால் கறுப்பு மால்ட். சூட்டில் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து நிறத்தையும் மணத்தையும் தருகின்றன. மயிலாப்பூர் காபித்தூள் கடையில் கொட்டை வறுபடும்போது தெருவை இழுக்கும் மணமும் இதே மெயிலார்டு வினையின் வேலைதான். 1817இல் இங்கிலாந்தின் டேனியல் வீலர், மால்ட்டை உருளையில் வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் வெளிர் மால்ட்டோடு கொஞ்சம் கறுப்பு மால்ட் சேர்த்தாலே பீர் முழுதும் கறுத்தது.

ஒருவருக்குப் பிடிப்பது இன்னொருவருக்கு ஏன் பிடிப்பதில்லை?
கசப்பை உணர நமக்குச் சுமார் 25 வகை ஏற்பிகள் உண்டு. அவற்றின் மரபணுக்கள் ஆளுக்கு ஆள் சற்று வேறுபடும். பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்பு ஒருவருக்கு இதமாகவும் இன்னொருவருக்குக் கடுமையாகவும் படுவதற்கு இது ஒரு காரணம். பழக்கம் மற்றொன்று: குழந்தை துப்பும் பாகற்காயை வளர்ந்தபின் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறோமே!

கறுப்பு என்றால் போதை அதிகமா?
இல்லை. ஈஸ்ட் எவ்வளவு சர்க்கரையை ஆல்கஹாலாக்குகிறது என்பதே கணக்கு. அயர்லாந்தின் கின்னஸ் டிராஃப்டில் 4.2 சதவீதம்தான்; இலங்கையின் லயன் ஸ்டவுட்டில் 8.8. இரண்டும் கறுப்பே. நம்மூர் ‘ஸ்ட்ராங்’ பீரோ வெளிர் நிறத்திலேயே 8 சதவீதம் வரை போகும். நிறத்தை நம்பி அளவைத் தீர்மானிப்பது ஆபத்து. லேபிளில் உள்ள சதவீதத்தைப் படியுங்கள்.