காரைக்கால் எப்படிப் புதுச்சேரியோடு சேர்ந்தது?

காரைக்கால் புதுச்சேரியிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. சுற்றிலும் பழைய தஞ்சைச் சீமை. அப்படியிருந்தும் அந்த ஊர் ஏன் புதுச்சேரியோடு இணைந்திருக்கிறது? தஞ்சை மராத்திய அரண்மனையில் நடந்த வாரிசுச் சண்டைதான் காரணம்.

துக்கோஜி மன்னர் இறந்தபின் பட்டத்துக்கு வந்த மகன் இரண்டாம் ஏகோஜி ஓராண்டு அளவே ஆண்டார். அடுத்து அவருடைய மனைவி சுஜான்பாய் ஆட்சியை ஏற்றார். உறவினர்களும் கோட்டை அதிகாரிகளும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். 1738-இல் அரியணை ஏறிய சாகுஜிக்குப் பதவியைக் காக்கப் பணம் வேண்டியிருந்தது. புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் துய்மாவிடம் கைநீட்டினார். பதிலுக்குக் காரைக்காலைத் தருவதாக எழுதிக்கொடுத்தார். நாகப்பட்டினத்து டச்சுக்காரர்கள் இதை விரும்பவில்லை. நிலைமை சற்றுத் தேறியதும் சாகுஜி பேச்சை மாற்றிக்கொண்டார்.

துய்மா விடவில்லை. திருச்சிராப்பள்ளியைக் கையில் வைத்திருந்த சந்தா சாகிப் முன்வந்து, 1739 பிப்ரவரியில் காரைக்காலைப் பிடித்துப் பிரெஞ்சுக்காரர்களிடம் ஒப்படைத்தார். அதே ஆண்டில் சாகுஜி பதவி இழந்தார், பிரதாபசிங் மன்னரானார்.

சாகுஜியின் கதைதான் மனதைப் பிசைகிறது. பத்தாண்டு கழித்து, பட்டத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லி ஆங்கிலேயர் அவருக்காகப் படை நடத்தினார்கள். 1749-இல் கொள்ளிடக் கழிமுகத்தில் தேவிக்கோட்டை கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு பிரதாபசிங்கோடு சமாதானம் செய்தார்கள். சாகுஜிக்குக் கிடைத்தது உதவித்தொகை மட்டுமே.