நாய்க்கடியும் நான்கு தவணை ஊசியும்

வெறிநாய்க்கடிக்கு ஊசி என்றதும், நம் குடும்பங்களில் வயது முதிர்ந்தோர் இன்றும் தம் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொள்வர். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்னும் அச்சம் அத்துணை ஆழமாய் வேரோடியுள்ளது. அந்த மருந்து, கசௌலியில் டேவிட் செம்பிள் என்பார் 1911-இல் வகுத்த முறைப்படி, ஆட்டு மூளைத் திசுவிலிருந்து செய்யப்பட்டது. நம் நாட்டில் அதன் பயன்பாடு 2004-ஆம் ஆண்டு இறுதியோடு நின்றுவிட்டது. இன்று வயிற்றில் எவரும் ஊசி போடுவதில்லை, புயத்தில்தான். ஆயினும் அச்சத்தின் இடத்தைச் செலவு பிடித்துக்கொண்டிருப்பதை நாம் காண்கிறோம். குழந்தையைக் கடித்தால் இரவோடு இரவாக ஓடும் தந்தை, தன் காலில் பல் பட்டால், "சிறு கீறல்தானே, கூலிநாள் கெடுமே" என்று வேலைக்குப் போய்விடுகிறார். வெறிநோயின் குறிகள் தோன்றியபின் பிழைத்தவர் உலகிலேயே விரல்விட்டு எண்ணத்தக்கவர்.

செலவின் வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைத் தெளிந்துகொள்வது நன்று. மருந்தைத் தசையில் செலுத்தினால் ஒரு தடவைக்கு ஒரு குப்பி முழுவதும் தீர்ந்துவிடும். ஐந்து தடவைக்கு ஐந்து குப்பி. அதே மருந்தைத் தோலினுள், இரு புயங்களிலும் 0.1 மில்லி வீதம் செலுத்தினால், ஒருவருக்கு ஒரு தடவைக்கு 0.2 மில்லி போதும். ஒரு மில்லிக் குப்பி ஐவருக்கு வரும். தாய்லாந்துச் செஞ்சிலுவை மருத்துவர்கள் வகுத்த இந்தச் சிக்கன வழிக்கு இந்திய அரசு 2006-இல் இசைவளித்தது. அதுவரை நல்ல மருந்து காசுள்ளவர்க்கு, பழைய மருந்து ஏழைக்கு என்றிருந்த அவலம் நீங்கியதற்கு இக்கணக்கும் ஒரு காரணம். ஆனால் திறந்த குப்பியைச் சில மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். நாள்தோறும் பலர் வரும் அரசு மருத்துவமனைக்கு அது கட்டுபடியாகும்; என்றோ ஒருவர் வரும் தெருமுனை மருத்துவருக்குக் கட்டாது. ஆகவே அவர் தசையில் போட்டு, குப்பிக்குரிய முழு விலையையும் வாங்குகிறார். அவரை நொந்துகொள்வதில் நியாயமில்லை.

"எங்களிடம் காப்பீடு இருக்கிறதே" என்போர் பலர். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012-இல் தொடங்கப்பெற்றது. பேரிடரான நோய்களில் எத்தனையோ குடும்பங்களைக் கடனிலிருந்து காத்தது. எனினும் அது பட்டியலிட்ட அறுவைகளுக்கும் உள்நோயாளிச் சிகிச்சைகளுக்கும் உரியது. நாய்க்கடி ஊசியோ வெளிநோயாளியாய் நின்று போட்டுக்கொள்வது. பணம் கட்டி வாங்கிய தனியார் காப்பீட்டிலும் இதே முட்டுக்கட்டை உண்டு. தடுப்பூசிக்குப் பணமில்லை என்று விலக்கும் ஒப்பந்தங்கள் பலவும், விலங்குக் கடிக்குப்பின் போடுவதை மட்டும் விலக்கிலிருந்து விடுவிக்கின்றன. அதைப் படித்து மகிழ்ந்து, அடுத்த பக்கத்தைப் புரட்டினால், 24 மணி நேரம் படுக்கையில் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதிரே நிற்கும். வெளிநோயாளிச் செலவையும் ஏற்கும் ஒப்பந்தமா என்பதை ஆண்டுச் சந்தா கட்டும்போதே முகவரிடம் கேட்டுக்கொள்ளலாம். கடிபட்ட பிறகு கேட்பது காலங்கடந்த கேள்வி. ஆலைகளிலும் கடைகளிலும் பணிபுரிந்து ஈ.எஸ்.ஐ. அட்டை வைத்திருப்போரின் நிலை மேலானது. வெளிநோயாளிச் சிகிச்சையும் அவர்களுக்கு உண்டு; மதுரையில் தத்தனேரியில் அதன் மருத்துவமனை இருக்கிறது.

எந்த அட்டையும் இல்லாதவர்க்கு வழி இல்லாமலில்லை. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும், மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி அரசு மருத்துவமனைகளிலும் இத்தடுப்பூசி விலையின்றிப் போடப்படுகிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் போடுகின்றனர். வருமானச் சான்று தேவையில்லை.

உண்மையில் பெருஞ்செலவு வைப்பது தடுப்பூசியன்று, சீரம்தான். இரத்தம் கசியக் கடித்திருந்தால், தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி நோயெதிர்ப்புச் சீரத்தையும் செலுத்த வேண்டும். அதன் அளவு உடல் எடையைப் பொறுத்தது: குதிரையிலிருந்து பெறுவது கிலோவுக்கு 40 அலகு, மனிதக் குருதியிலிருந்து பெறுவது 20 அலகு. ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு மனிதச் சீரம் 1000 அலகு வேண்டும். வெளியே வாங்கினால் பல ஆயிரம் ரூபாய். குழந்தையைவிடப் பெரியவருக்கு ஏன் கூடுதல் பணம் கேட்கிறார்கள் என்ற ஐயத்துக்கு விடை இதுவே. சிற்றூர் நிலையத்தில் சீரம் இராமற் போகலாம். அங்கே முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு, எழுதித்தரும் சீட்டோடு பெரிய மருத்துவமனைக்கு அன்றே செல்வது நலம். முதல் ஊசிக்குப்பின் ஏழு நாள் கடந்துவிட்டால் சீரம் போடுவதில்லை.

இவை யாவற்றுக்கும் முன்னர், செலவே இல்லாத சிகிச்சை ஒன்றுண்டு. ஓடும் நீரில் சோப்பிட்டுக் காயத்தைப் பதினைந்து நிமிடம் கழுவுதல். சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் அப்புவது நம் ஊர்ப் பழக்கம். காய்ச்சிய இரும்பால் சுடுவது ஐரோப்பியர் பழக்கமாய் இருந்தது. இரண்டும் புண்ணை மிகுதியாக்கும்.

அரசு மருத்துவமனையில் தோலினுள் போடும் ஊசிக்கு முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என நான்கு தவணை. முதல் மூன்றுக்கும் வந்துவிடுவோர், காயம் ஆறியதும் நான்காவதை மறந்துவிடுகின்றனர். அன்றைய கூலியும் பேருந்துக் கட்டணமும் நினைவுக்கு வருகின்றன போலும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021-இல் மகளிர்க்குக் கிடைத்த இலவசப் பயணம் வயல்வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு இவ்வகையிலும் கைகொடுத்தது. தவணை நாள்களை வீட்டு நாட்காட்டியில் குறித்து வைத்தல் எளிது.

தவணைகள் குறித்த சீட்டை முடிந்தபின் எறிந்துவிடலாகாது. முழுத் தவணையும் பெற்றவரை மீண்டும் நாய் கடித்தால், முதல் நாளும் மூன்றாம் நாளுமாக இரண்டு தடவை ஊசி போதும், சீரமும் வேண்டியதில்லை. சீட்டு இல்லையேல் மருத்துவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க நேரும்.