மேட்ச் முடிஞ்சாச்சு... வீட்டுக்கு எப்படிப் போறது?

சேப்பாக்கத்தில் மேட்ச் என்றால் அன்றைக்கு ரெண்டு ஆட்டம். ஒன்று, மைதானத்துக்குள்ளே... அது டி.வி.யில் வரும். இன்னொன்று ராத்திரி பதினொன்றரைக்கு மேல் வாலாஜா ரோட்டில் ஆரம்பிக்கும். இதற்கு ஸ்பான்சர் கிடையாது, ரீப்ளே கிடையாது. முப்பதாயிரத்துச் சொச்சம் பேர் ஒரே சமயத்தில் களத்தில் இறங்குவார்கள். எல்லோரும் துரத்துவது ஒரே பொருளை... ஆட்டோ!

"அண்ணே, அடையாறு?"

"அறுநூறு குடுங்க."

"மீட்டர்?"

"அது மேட்ச் பாக்கப் போயிருக்கு சார்."

செல்போனில் வண்டி பிடிக்கலாமே என்பீர்கள். பிடிக்கலாம். திரையில் 'நாலு நிமிஷத்தில் வருகிறார்' என்று காட்டும். அந்த நாலு நிமிஷம் நாற்பது நிமிஷம் ஆகும். வண்டி பெல்ஸ் ரோடு முனையில் போலீஸ் தடுப்புக்கு அந்தப் பக்கம். நீங்கள் இந்தப் பக்கம். கடைசியில் அவரே கேன்சல் செய்துவிட்டுப் போவார்.

சரி, கார் வைத்திருப்பவர் பாடு தேவலையா? பாவம், அவரைப் பார்த்துப் பொறாமைப்படாதீர்கள். பீச் ஓரம் எங்கேயோ நிறுத்திவிட்டு வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்திருப்பார். திரும்பி அதே தூரம் நடந்து, காரைத் தேடிப் பிடித்து, காமராஜர் சாலையில் அங்குலம் அங்குலமாக நகர்ந்து, மயிலாப்பூர் தாண்டுவதற்குள் நீங்கள் வீட்டில் மோர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். எப்படி என்று தெரிந்திருந்தால்!

முதலில் பறக்கும் ரயில். மைதானத்துக்குப் பின்னால், பக்கிங்ஹாம் கால்வாய் ஓரமாகவே ஸ்டேஷன். இதைவிடப் பக்கத்தில் ஸ்டேஷன் வேண்டுமென்றால் பிட்ச்சில்தான் கட்ட வேண்டும். 1995 நவம்பரில் இந்த ரயில் ஓட ஆரம்பித்தபோது பீச்சில் கிளம்பிச் சேப்பாக்கத்தோடு நின்றுவிடும். 1996 உலகக் கோப்பைக் கால் இறுதியில் நியூஸிலாந்தின் ஹாரிஸ் 130 அடித்தும் ஆஸ்திரேலியா ஜெயித்ததே, அப்போதும் அவ்வளவுதான் பாதை. 1997 மே மாதம் சயீத் அன்வர் நம்மவர்களை 194 ரன்னுக்கு வெளுத்த ராத்திரியும் அதே கதை. மயிலாப்பூருக்கு ரயில் போனது அந்த வருஷம் அக்டோபரில். ஐந்தே மாதம் தாமதம்! வேளச்சேரிக்காரர்கள் 2007 வரை காத்திருந்தார்கள்.

இந்த ரயிலுக்கு ஒரு விசேஷ குணம், நமக்கு ரொம்பத் தேவைப்படும்போது லீவு எடுத்துக்கொள்ளும். எழும்பூர் நாலாவது பாதை வேலைக்காக 2023 ஆகஸ்ட் கடைசியில் பீச்சுக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே சேவையை நிறுத்தினார்கள். அக்டோபரில் உலகக் கோப்பை வந்தது. சேப்பாக்கத்தில் ஐந்து ஆட்டம். இந்தியா 2 ரன்னுக்கு 3 விக்கெட் என்று தவித்து, கோலியும் ராகுலும் கரை சேர்த்தார்களே, அதுவும் இங்கேதான். வடசென்னை ரசிகர்கள் சிந்தாதிரிப்பேட்டை வரை வேறு வழியில் வந்து ரயில் ஏறினார்கள், இல்லையென்றால் நடந்தே வந்தார்கள். 2024 மே மாதம் ஐ.பி.எல். இறுதி ஆட்டமும் இங்கே நடந்தது. அப்போதும் பாதை திறக்கவில்லை. 2024 அக்டோபர் கடைசியில்தான் முழு ரயிலும் ஓடியது.

அடுத்தது மெட்ரோ. 'அரசினர் தோட்டம்' ஸ்டேஷனில் இறங்க வேண்டும். வெளியே வந்தால் வாலாஜா ரோடு; கலைவாணர் அரங்கத்தைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் பார்த்து நடந்தால் பதினைந்து, இருபது நிமிஷம். மஞ்சள் சட்டைக் கூட்டம் போகும் திசையில் போனால் போதும், யாரையும் வழி கேட்க வேண்டியதில்லை. 2023-லிருந்து சென்னை அணி ஒரு நல்ல காரியம் செய்தது. மேட்ச் டிக்கெட்டைக் காட்டினால் மெட்ரோவில் போக, வர இலவசம். கடைசி ரயிலையும் பதினொரு மணியிலிருந்து ஒரு மணிக்குத் தள்ளினார்கள். 2025 சீஸனில் ஏ.சி. இல்லாத மாநகர பஸ்ஸிலும் மேட்ச் டிக்கெட்டே போதும் என்றார்கள். இந்தச் சலுகைகள் சீஸனுக்கு சீஸன், போட்டிக்குப் போட்டி மாறும். கிளம்புவதற்கு முன்னால் அன்றைய அறிவிப்பை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

போவது சுலபம். மூன்று மணியிலிருந்து ஏழு மணிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேருவோம். வெளியே வருவதுதான் ஒரே நேரத்தில். இதற்கு அனுபவஸ்தர்கள் ரெண்டு கட்சி.

முதல் கட்சி, 'பத்தொன்பதாவது ஓவரில் எழுந்துவிடு' கட்சி. புத்திசாலித்தனமான யோசனைதான். ஆனால் தோனி பேட்டைத் தூக்கிக்கொண்டு படி இறங்குகிற நேரத்தில் பக்கத்து சீட்காரரிடம் "கொஞ்சம் வழி விடுங்க சார், எனக்கு ரயில்" என்று சொல்லிப் பாருங்கள்!

ரெண்டாவது கட்சி, 'ஒரு மணி நேரம் சும்மா இரு' கட்சி. என் ஓட்டு இவர்களுக்குத்தான். மைதானத்தை விட்டு வெளியே வந்ததும் ஸ்டேஷனுக்கு ஓடாமல், திருவல்லிக்கேணிப் பக்கம் ஒதுங்கிப் பசிக்கு ஏதாவது பார்ப்பார்கள். மேன்ஷன்காரர்கள் புண்ணியத்தில் அந்த வட்டாரத்தில் லேட்டாகவும் அடுப்பு எரியும். அதற்குள் மெட்ரோ வாசலில் வரிசை பாதியாகியிருக்கும். ஆனால் கடைசி ரயில் நேரம் தெரியாமல் இந்தக் கட்சியில் சேரக் கூடாது.

பறக்கும் ரயிலில் வேளச்சேரி போகிற கில்லாடிகள் சிலர் இன்னொன்று செய்வார்கள். சேப்பாக்கத்தில் மூச்சு முட்ட நிற்காமல், எதிர்த் திசை ரயிலில் ஏறி பீச் போய், அங்கே ஜன்னல் சீட் பிடித்துத் திரும்புவார்கள். அதற்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டால் தப்பில்லை. அங்கிருந்து திரும்ப ரயில் இருக்கிறதா என்று மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியூர்க்காரர் கதை தனி. திருச்சியிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பஸ் ஏறி மேட்ச் பார்க்க வருகிறார்கள். முன்பெல்லாம் கோயம்பேட்டுக்குப் போனால் ஊருக்கு பஸ். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் நிலையம் திறந்தது. தெற்கே போகிற அரசு பஸ்கள் அங்கே போய்விட்டன. மெட்ரோவோ ஏர்போர்ட்டோடு சரி. அதற்கப்புறம் ஜி.எஸ்.டி. ரோட்டில் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல். நடுராத்திரி தோளில் பையோடு... மன்னிக்கவும், பை உள்ளே விடமாட்டார்கள். பையை எங்கே வைப்பது என்பது இன்னொரு தலைவலி. திருவல்லிக்கேணி மேன்ஷனில் சிநேகிதன் ஒருத்தன் இருந்தால் அவன் அறையில் பாய் விரிப்பதே உத்தமம். காலையில் முதல் மெட்ரோ.

ஆனால் விஷயம் இன்னும் முடியவில்லை. கேலரியில் இப்போது பாதிக்குப் பாதி குடும்பம், கல்லூரிப் பெண்கள், அம்மாவும் பெண்ணுமாக வருகிறவர்கள். மெட்ரோ அவர்களைப் பத்திரமாக, ஏ.சி.யில், இலவசமாகக் கொண்டுபோய் வடபழனியிலோ திருவொற்றியூரிலோ இறக்கிவிடுகிறது. மணி பன்னிரண்டே முக்கால். வீடு இன்னும் ரெண்டு, மூன்று கிலோமீட்டர். பஸ் இல்லை. பறக்கும் ரயிலில் வந்தவர்களுக்கு அதைவிட மோசம். அந்த ஸ்டேஷன்கள் பகலிலேயே வெறிச்சென்று கிடக்கும். பிரம்மாண்டமான படிக்கட்டு, அரைகுறை வெளிச்சம், ஆள் நடமாட்டமே இல்லாத நீள நீளத் தாழ்வாரம். ஸ்டேஷன் வாசலில் அப்பாவோ அண்ணனோ ஸ்கூட்டரோடு நின்றால்தான் அந்தப் பெண் அடுத்த மேட்ச்சுக்கு வருவாள். அழைக்க ஆள் இல்லாதவள் வீட்டில் டி.வி.யில் பார்த்துக்கொள்வாள்.

மைதானத்திலிருந்து ஸ்டேஷன் வரை நானூறு போலீஸ், நாற்பது தடுப்பு என்று அமர்க்களப்படுத்துகிறார்கள். இறங்கும் ஸ்டேஷனில் ஒருவரும் இல்லை. கூட்டம் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்பது மெட்ரோவின் கணக்கில் ஏறிவிடுகிறது. டிக்கெட் கோடு எல்லாம் மெஷின் வழியாகத்தானே போகிறது? அதைப் பார்த்து, நிறையப் பேர் இறங்குகிற ஏழெட்டு ஸ்டேஷன் வாசலில் ஒரு மணி வரைக்கும் ஆளுக்கொரு மினி பஸ்ஸும், விளக்கும், ஒரு பெண் காவலரும் நிறுத்தினால் என்ன? வருஷத்துக்கு ஏழெட்டு ராத்திரிக்குத்தான் இந்த ஏற்பாடு தேவை. டிக்கெட் விற்கிற விலையில், ஒரு வரிசை சீட் காசு போதும்.